சிகரெட்டை விட்ட வாய்

சிகரெட்டை விட்டதால்தான் என் மனிசனுக்கு இந்த நிலை வந்தது என்று சொன்னால் என்னை விசரி என்பீர்கள். சொல்லுங்கள். எனக்கு வாய் நீளம் என்று கிண்ணியாவில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். கோபம் வந்தால் எதிரே நிற்பது ஆர் எவர் என்று பார்க்க மாட்டேன் என்றும் தெரியும். ஆனாலும் நடந்ததைத்தானே நான் சொல்ல முடியும்.

அவர் பெயர் றுவைஸ். லொறி ஓட்டுகிறவர். திருகோணமலைத் துறைமுகத்தில் சீமெந்தோ மாவோ ஏற்றிக்கொண்டு தம்புள்ளை, குருணாகல் என்று போவார். போகிற தூரத்தை விடத் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கிற நேரந்தான் பெரிது. காலையில் போய் நின்றால் மத்தியானம் வரைக்கும் லொறி ஓர் அடி நகராது. அந்த வரிசையில் டிரைவர்மாருக்கு இருக்கிற வேலை இரண்டுதான். ஒன்று பால் விடாத பிளேன்ரீ, மற்றது சிகரெட். உள்ளே போகும்போது காவல்காரன் லைட்டரை வாங்கி வைத்துக்கொள்வான், உள்ளே புகைக்க ஏலாது. அதனால் வாசல் நெருங்க நெருங்க ஒவ்வொருவரும் அவசரம் அவசரமாக இழுப்பார்கள். என் மனிசனும் பின்னால் நிற்கிற றொபேட் அண்ணனும் ஒரு சிகரெட்டைத்தான் பங்கு போடுவார்கள். கொளுத்துகிறவர் முதல் பாதி, மற்றவர் மிச்சப் பாதி. றொபேட் அண்ணன் திருகோணமலை டவுனில் கோவிலடிக்குப் பக்கத்தில் இருக்கிற கிறிஸ்தவர். எங்கள் வீட்டில் பெருநாள் என்றால் முதல் சாப்பாட்டுக்கு அவர்தான் வந்து நிற்பார்.

சிகரெட்டை விட வைத்தது எங்கள் ஒரே மகள் பஹ்மியா. அப்போது அவள் சின்னப்பிள்ளை. ஓட்டம் முடிந்து வந்து இவர் கையை நீட்டினால் ஓடிப் போய் மடியில் ஏறுகிறவள், ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்றாள்.

"வாப்பா, நீங்க அதை விடுற மட்டும் நான் உங்கட மடியில இருக்க மாட்டன்."

நான் எத்தனை வருசம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! பெட்டியை அடுப்பில் போட்டிருக்கிறேன், சட்டையைத் தோய்க்க மாட்டேன் என்று முற்றத்தில் எறிந்திருக்கிறேன். அதற்கெல்லாம் அசையாத மனிசன் மகளின் ஒரு சொல்லுக்கு உடைந்து போனார். அந்த வருசம் நோன்பு மாதத்தில் பகலெல்லாம் புகைக்காமல் இருந்து பழகினார். வழக்கமாக நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கடித்த வாய்க்கு அடுத்தது சிகரெட்டாகத்தான் இருக்கும். அந்த முறை கஞ்சியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழும்பித் தொழப் போனார். பெருநாளைக்குப் பிறகும் தொடவில்லை. நான் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன், அயல்வீட்டுக்காரிகளிடம் பெருமையடித்தேன், இந்தத் தெருவிலேயே சிகரெட்டை விட்ட லொறிக்காரன் என் மனிசன்தான் என்று.

ஆனால் லொறி ஓடுகிறவனுக்கு நித்திரை என்று ஒன்று இருக்கிறதே. புகை இல்லாமல் ஹபரணைக் காட்டுப் பாதையில் கண் சொருகியது. ஒரு தரம் வீதி ஓரத்தில் யானை நிற்பதைக் கடைசி நேரத்தில்தான் கண்டாராம். அதற்கு டிரைவர்மாரிடம் ஒரு மருந்து இருந்தது. சிகரெட்டை விட்டவனுக்கு எல்லாரும் சொல்கிற மருந்து, வெற்றிலைக் கூறு. பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை வைத்து மடித்ததைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு ஓடினால் நித்திரை அண்டாது. துறைமுக வாசலுக்கு எதிரில் இருக்கிற பெட்டிக்கடையில் முதல் கூறை வாங்கிக் கொடுத்தவர் றொபேட் அண்ணன்.

"புகை நெஞ்சுக்குள்ள போற சாமான் மச்சான். இது துப்பிற சாமான்தானே. ஒண்டும் செய்யாது."

வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அதைத்தான் நம்பினார்கள். நானும் நம்பினேன். கல்யாண வீட்டில் தட்டில் வைத்து நீட்டுகிற வெற்றிலையை ஆராவது சந்தேகப்படுவார்களா? உதடு சிவந்து வந்து நின்றால், "என்ன, மாப்பிள்ளை கோலத்தில வந்து நிற்கிறீங்க?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். பள்ளிவாசல் நிருவாகம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இவரை எழுப்பி, வாலிபருக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள், சிகரெட்டை எப்படி விட்டீர்கள் என்று கேட்டதாம். இவர் வெளியே ஓடிப் போய் வாயில் கிடந்ததைத் துப்பிவிட்டு வந்து பேசினாராம். அதை அவரே வந்து சொல்ல நாங்கள் மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

பஹ்மியா வளர்ந்து, படித்து, பாலர் பாடசாலையில் ரீச்சரானாள். இல்ஹாமுக்குப் பேசி முடித்தோம். நல்ல பொடியன், கத்தாரில் வேலை. அவனுக்கு லீவு கிடைக்கிற மாதத்தில் நிக்காஹ் என்று முடிவாயிற்று. அந்த நேரத்தில்தான் இவருக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண். சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்றார். உப்புத் தண்ணீரால் கொப்பளித்தார், தேன் தடவினார். உறைப்பான சம்பலைத் தொட ஏலாமல் போனது. பிறகு வாயை அகலத் திறக்க ஏலாமல் போனது. நான் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்து வெளி மாவட்டத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சதை வெட்டிப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் இருத்தி நிதானமாகச் சொன்னார். புற்றுநோய். நாக்கில் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். இப்போதே செய்தால் உயிருக்கு வழி இருக்கிறது. சுணங்கினால் கழுத்துக்கு இறங்கிவிடும். பேச்சு பழையபடி வராது. திகதியும் தந்தார்.

அந்தத் திகதி நிக்காஹுக்கு முன்னால் வந்தது.

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸை விட்டுக் கிண்ணியாப் பாலத்தடியில் இறங்கியதும், வீட்டுக்குப் போக முதல் கொஞ்சம் நிற்போம் என்றார். கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஸாலிஹா, அந்தத் திகதிக்கு நான் போகேல்ல. நிக்காஹ் முடியட்டும்."

அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "உங்களுக்கு என்ன விசரா? உயிர் போற காரியம் எண்டு அந்த டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர்!"

"நாக்கை வெட்டினா நான் எப்பிடிப் புள்ளையக் குடுக்கிற? நான்தானே வலி."

எங்களில் பெண்ணின் பொறுப்பாளரை வலி என்போம், அது வாப்பாதான். என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டியவர். ஆனால் முக்கால்வாசிப் பேர் மௌலவியிடம் பொறுப்புக் கொடுத்து அவரைச் சொல்ல வைப்பார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் நானும் சொன்னேன், கத்தினேன், பாலத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். இல்ஹாமை முந்தி வரச் சொல்லுவோம் என்றேன். கொம்பனி லீவு தராது என்று அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "அவள் பிறக்கேக்க நான் குருணாகல்ல. அவள் குர்ஆன் ஓதி முடிச்ச அண்டைக்கு லொறி ரயர் வெடிச்சு நடுக்காட்டுல நிண்டனான். பரிசு வாங்கின அண்டைக்கும் இல்ல. ஒண்டுக்கும் நான் இருக்கேல்ல புள்ள. இது ஒண்டையாவது என்ட வாயால சொல்ல விடு."

அதற்குப் பிறகு நான் கத்துவதை விட்டேன்.

"இன்னொண்டு," என்றார். "அவளுக்கு இந்தத் திகதி தெரியக் கூடாது. இப்பத் தெரிஞ்சா கல்யாணத்தை நிப்பாட்டிப் போடுவாள். பிறகு தெரிஞ்சாலும், எனக்கு ஏதும் நடந்தா, தன்ட கல்யாணத்தாலதான் வாப்பா மௌத்தானார் எண்டு சாகும் வரைக்கும் அழுவாள். அல்லாஹ் மேல ஆணையாச் சொல்லு, நீ சொல்ல மாட்டாய் எண்டு."

நான் ஆணையிட்டேன். வாப்பாவுக்கு வாய்ப்புண், கல்யாணத்துக்குப் பிறகு சின்னதாய் ஒரு ஒப்பரேசன் என்று மகளிடம் சொன்னோம். அவள் நம்பினாள். ஆஸ்பத்திரியில் அடுத்த திகதிக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். அது நிக்காஹுக்குப் பிறகு, வெகு தள்ளி.

அவர் வேலைக்குப் போவதை விடவில்லை. வரிசையில் நிற்கும்போது லொறிக்குள் இருந்து அந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினாராம். றொபேட் அண்ணன்தான் ஒரு பின்னேரம் வந்து அதைச் சொன்னார். பஹ்மியா வீட்டில் இல்லாத நேரம். கதிரையில் இருக்காமல் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, கண்ணாடிக்கு முன்னால வாயைக் கோணிக் கோணிக் கதைக்கிறான். ஒவ்வொரு நாளும் சொல்லு குறையுது. எனக்கு ஒளிக்க வேணாம், இது புண் இல்லத்தானே?"

நான் உண்மையைச் சொன்னேன். அந்த மனிசன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என்ட கையாலதானே வாங்கிக் குடுத்தனான். கடவுளே, என்ட கையாலதானே!"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "ஓம், நீங்கதான்! சிகரெட்டையும் பாதி குடுத்தீங்க, அதை விட்டவருக்கு இதையும் குடுத்தீங்க! உங்களுக்கு ஒண்டும் ஆகேல்ல, பாருங்க, இன்னும் சட்டைப் பையில பெட்டி இருக்கு!" என்று கத்தினேன். அவர் சட்டைப் பையில் கிடந்ததை எடுத்துக் கையில் கசக்கிக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டார். பாவம், அவரில் என்ன பிழை? அறியாமல் எல்லாரும் சேர்ந்து செய்த பிழையை நான் ஒருவர் தலையில் கொட்டினேன். என் கோபம் அப்படி, கிட்ட நிற்கிறவர் மேல்தான் விழும்.

நிக்காஹ் எங்கள் வீட்டில் நடந்தது. முன் மண்டபத்தில் ஆண்கள், உள்ளறையில் நாங்கள், நடுவில் திரை. பஹ்மியா தலை குனிந்து என் பக்கத்தில் இருந்தாள். மருதாணிக் கை குளிர்ந்து கிடந்தது. வெளியே மௌலவி ஓதி முடித்துவிட்டு, "றுவைஸ் காக்கா, நீங்களே சொல்லுறீங்களா, எனக்குப் பொறுப்புத் தாறீங்களா?" என்று கேட்டது ஸ்பீக்கரில் கேட்டது. பதில் கேட்கவில்லை. தானே சொல்வதாகக் கையால் காட்டியிருப்பார். மைக்கை யாரோ நகர்த்தினார்கள்.

எனது மகள் பஹ்மியாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன். இவ்வளவுதான். சிறு பிள்ளையும் ஒரு மூச்சில் சொல்லிவிடும்.

முதலில் ஒரு முனகல் வந்தது. எது சொல், எது மூச்சு என்று தெரியவில்லை. பிறகு "பஹ்மியா" என்று வந்தது. அது மட்டும் தெளிவாக வந்தது, உதட்டால் சொல்கிற பெயர்தானே. அதற்குப் பிறகு நாக்கு எழும்பவில்லை. மௌலவி காத்திருந்தார். இவர் திரும்பவும் தொடங்கினார். திரும்பவும் அந்த முனகல், பெயர், பிறகு ஒன்றும் இல்லை. மூன்றாம் தரமும் முயன்றார்.

உள்ளே பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "ஒரே மகள், பாவம், அழுகையில வாய் வருதில்ல," என்றாள் இல்ஹாமின் உம்மா. பஹ்மியாவும் அப்படித்தான் நினைத்தாள். கண்ணீரோடு சிரித்துக்கொண்டு என் காதில், "வாப்பா இப்பிடி அழுவார் எண்டு நான் நினைக்கவே இல்ல உம்மா," என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் அழவில்லை என்று எனக்குத் தெரியும். உயிரைக் கொடுத்து வாங்கிய அந்த ஒரு வசனம் அவருக்குக் கிடைக்காமல் போகிறது என்று எனக்கு மட்டுந்தான் தெரியும்.

மௌலவி மெதுவாகச் சொன்னார். "போதும் காக்கா. எனக்குப் பொறுப்புத் தாங்க. தலைய ஆட்டினாலே போதும்."

தலையை ஆட்டியிருப்பார். மௌலவியின் குரல் கணீரென்று வந்தது. இல்ஹாம் ஏற்றுக்கொண்டேன் என்றான். எல்லாரும் துஆக் கேட்டார்கள். தட்டுத் தட்டாக வெற்றிலை போனது.

இல்ஹாம் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பினான். அடுத்த திகதி வந்தது. நீங்கள் தனியப் போக வேண்டாம், நானும் வருகிறேன் என்று பஹ்மியா அடம் பிடித்தாள். நான் எவ்வளவோ மறித்தேன், ஏலவில்லை. அதே டொக்டர். வாயைத் திறக்கச் சொன்னார், ஒரு விரல் போகிற அளவுக்குத்தான் திறந்தது. கழுத்தை இரண்டு பக்கமும் அமர்த்திப் பார்த்தார். ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு இருந்தார்.

"இனி வெட்ட ஏலாது. தாடைக்குப் போயிற்று, கழுத்துக்கும் இறங்கியிட்டுது. நோ தெரியாம இருக்க மருந்து தரலாம்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "முதல் தந்த திகதிக்கு ஏன் வரேல்ல? அண்டைக்கு வந்திருந்தா இவரைக் காப்பாற்ற நல்ல வழி இருந்தது."

பஹ்மியா என் பக்கம் திரும்பினாள். "எந்தத் திகதி உம்மா?"

மேசைக்குக் கீழே அவர் என் கையைப் பிடித்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை. நகம் என் தோலில் இறங்கியது. முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருசத்தில் அந்த மனிசன் என்னிடம் அப்படிக் கெஞ்சியதே இல்லை.

"லொறிக்கு ஓட்டம் ஒண்டு கிடைச்சது டொக்டர்," என்றேன். "குருணாகலுக்கு. அதால வரக் கிடைக்கேல்ல."

டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார். பஹ்மியா எழும்பினாள். அவளும் என் மகள்தானே, என் கோபம் அப்படியே அவளிடம் இருக்கிறது.

"ஓட்டமா? உயிருக்கு எண்டு தந்த திகதிய விட்டுப்போட்டு ஓட்டம் போனீங்களா வாப்பா? நான் பிறக்கேக்கயும் ஓட்டம். குர்ஆன் ஓதி முடிச்ச கத்தத்துக்கும் ஓட்டம். பரிசளிப்பில எல்லாப் புள்ளையிட வாப்பாவும் வந்திருந்தாங்க, என்ட வாப்பா மட்டும் ஓட்டம்! கடைசியில சாகிறதுக்கும் ஓட்டமா? நாங்க ஆரு உங்களுக்கு? சொல்லுங்க, நாங்க ஆரு?"

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். தலையைக் குனிந்தார். பிழை செய்த ஆள் குனிகிற மாதிரியே குனிந்தார். மகளின் கையைத் தொடப் போனார், அவள் உதறிவிட்டு வெளியே போனாள். கதவு சாத்தியதும் என் கையை விட்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நல்லாச் சொன்னாய் என்று. நான் அந்த டொக்டருக்கு முன்னால் வாய்விட்டுக் குழறி அழுதேன்.

இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறார். லொறியை வேறு ஆள் ஓட்டுகிறான். றொபேட் அண்ணன் வாரத்தில் ஒரு நாள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, வரிசைக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். பஹ்மியாதான் கஞ்சியை வடிகட்டிக் குழாயால் விடுகிறாள், வாயைத் துடைக்கிறாள், படுக்கையை மாற்றுகிறாள். ஒன்றிலும் குறை வைப்பதில்லை. ஆனால் வாப்பா என்று ஒரு சொல் இல்லை. அவர் அவள் போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டே கிடப்பார். அவள் குனிந்த தலை நிமிராமல் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவாள். சில நேரம் எனக்குப் பொறுக்க ஏலாமல் போகும். சொல்லிவிடுவோம், என்ன ஆணை, என்ன சத்தியம் என்று வாயைத் திறப்பேன். எப்படித்தான் தெரியுமோ, கட்டிலில் கிடந்து என்னையே பார்ப்பார்.

நேற்றுக் காலையில் கஞ்சிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைவாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. இல்ஹாமோடு போனில் கதைத்து அழுதிருக்கிறாள்.

"உம்மா, ஒண்டு கேக்கிறன், உண்மையச் சொல்லுங்க. இந்த மனிசன் எனக்காக ஒரு நாளாவது அந்த லொறிய நிப்பாட்டினவரா?"

அவர் விழித்துத்தான் கிடந்தார். என்னைப் பார்த்தார்.

"இல்ல மகள்," என்றேன்.